முகவரிப் புத்தகமும் ஓர் அலுவலகப் பதிவேடுதான்

பள்ளி அலுவலகத்தில் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது சில ஃபைல்களை மறக்காமல் எடுத்து வைக்கிறோம். சம்பளப் பட்டியல், தேர்ச்சி விவரம், மாணவர் பட்டியல், ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் பென் டிரைவில் ஏறிவிடும். மின்னஞ்சல் முகவரிப் புத்தகம் மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். “மின்னஞ்சல் இணையத்தில்தானே இருக்கிறது, கடவுச்சொல் போட்டால் வந்துவிடும்” என்று நினைப்பதே காரணம். அஞ்சல்கள் வந்துவிடும், முகவரிகள் எல்லா நேரமும் வருவதில்லை.

இதைப் பற்றிப் பேச இது ஏற்ற நேரம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14.10.2025 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு முன்பே, 31.12.2024 உடன், விண்டோஸோடு சேர்ந்து வந்த மெயில், காலண்டர், பீப்பிள் ஆகிய செயலிகளின் ஆதரவும் முடிந்தது. எனவே பல அலுவலகங்கள் கணினியையோ மென்பொருளையோ மாற்றும் நிலையில் உள்ளன. மாற்றும்போது முகவரிகள் எங்கே சிக்கிக்கொள்கின்றன, அவற்றை எப்படிப் பத்திரமாக எடுத்துச் செல்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எது போனால் என்ன போகும்?

பழனியை அடுத்து மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம் ஒரு பேரூராட்சி. அங்குள்ள ஒரு பள்ளியின் அலுவலகத்தை மனத்தில் கொள்வோம். அதன் முகவரிப் புத்தகத்தில் யார் யார் இருப்பார்கள்? பழனியில் உள்ள வட்டாரக் கல்வி அலுவலகம், வட்டார வளமையம், வட்டாட்சியர் அலுவலகம், சுமார் 60 கி.மீ. தொலைவில் திண்டுக்கல்லில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலகம், பேரூராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், உதவித்தொகைக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை, சுற்றுவட்டாரப் பள்ளிகள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், முன்னாள் மாணவர்கள். ஓர் இளநிலை உதவியாளரோ ஆசிரியரோ பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த பட்டியல் அது.

அதில் ஒரு முகவரி விடுபட்டால் உடனே எதுவும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். என்.எம்.எம்.எஸ். தேர்வை எடுத்துக்கொள்வோம். 8-ஆம் வகுப்பில் இத்தேர்வை எழுதித் தேர்ந்தெடுக்கப்படும் மாணவருக்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய் கிடைக்கிறது. ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கு அனுப்பிய விண்ணப்ப நினைவூட்டல் ஒரு பள்ளிக்கு மட்டும் போகாவிட்டால், அனுப்பியவர் “எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்” என்றே நம்பிக்கொண்டிருப்பார். இழப்பு அந்தப் பள்ளியின் மாணவருக்கு.

“இப்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வந்துவிடுகிறதே?” என்று கேட்கலாம். அவசரச் செய்திக்கு அது உதவும். ஆனால் கையொப்பமிட்ட கடிதம், படிவம், இணைப்புகள், நாளை யாராவது கேட்டால் காட்டவேண்டிய சான்று ஆகியவற்றுக்கு மின்னஞ்சலே பதிவாக நிற்கிறது. கைப்பேசி எண் மாறினால் குழுவும் கைநழுவும்.

முகவரிகள் எங்கே இருக்கின்றன?

மாற்றத்தைத் தொடங்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. விடை மூன்று வகையாக இருக்கும்.

முதல் வகை, இணையத்தில் இருப்பவை. ஜிமெயிலில் ‘தொடர்புகள்’ என்ற பகுதியில் நாமே சேமித்தவை இவ்வகை. எந்தக் கணினியில் நுழைந்தாலும் தெரியும். கணினி மாறுவதால் இவற்றுக்கு ஆபத்து இல்லை.

இரண்டாம் வகை, கணினியின் வன்தட்டில் மட்டும் இருப்பவை. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் சேமித்த தொடர்புகள் பல நேரம் அந்தக் கணினியோடு மட்டும் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ், எல்லா முகவரிகளையும் ‘டபிள்யூ.ஏ.பி.’ என்ற ஒரே ஃபைலில் வைத்திருந்தது. விஸ்டாவுக்குப் பிறகு அந்த முறை மாறி, ஆளுக்கொரு ஃபைல் என்று ஆனது. எக்ஸ்பிக்கான ஆதரவு 08.04.2014 அன்றே முடிந்துவிட்டாலும், மூலையில் துணி போர்த்தி வைத்த கணினிகள் நம் பள்ளிகளில் இன்னும் உண்டு. அவற்றைக் கழிவாக எழுதித் தள்ளும் முன் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்லது. வன்தட்டை அழித்துவிட்டால் இந்த முகவரிகள் திரும்பி வாரா.

மூன்றாம் வகைதான் நம்மை ஏமாற்றுவது. பெறுநர் இடத்தில் இரண்டு எழுத்தை அடித்ததும் முழு முகவரியும் தானாக வந்து நிற்கிறது அல்லவா? அந்த முகவரி நம் முகவரிப் புத்தகத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் இருக்காது. முன்பு அனுப்பியதை மென்பொருள் நினைவில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே. அவுட்லுக் 2007 வரை இந்த நினைவு, ‘என்.கே.2’ என்ற தனி ஃபைலில் கணினியிலேயே இருந்தது. ஜிமெயிலில் இவை ‘பிற தொடர்புகள்’ என்ற தலைப்பில் தனியாகக் கிடக்கும். மாற்றத்துக்கு முன் அந்தப் பகுதியைத் திறந்து, தேவையானவற்றைத் தொடர்புகளில் முறையாகச் சேர்த்துவிட வேண்டும்.

வெளியே எடுக்க இரண்டு வழிகள்

பெரும்பாலான மின்னஞ்சல் மென்பொருள்களில் ‘ஏற்றுமதி’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதி இருக்கும். அது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தரும்.

ஒன்று சி.எஸ்.வி. இது நம் வருகைப் பதிவேட்டைப் போன்ற ஓர் அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு நபர். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். எக்செல்லிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் திறந்து திருத்தலாம்.

மற்றொன்று வி-கார்டு. இதன் ஃபைல் பெயர் ‘வி.சி.எஃப்.’ என்று முடியும். விசிட்டிங் கார்டின் மின்வடிவம் என்று கொள்ளலாம். இதன் 2.1 பதிப்பு 1996-இலும், 3.0 பதிப்பு 1998-இலும், 4.0 பதிப்பு 2011-இலும் வந்தன. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தொடர்புகளை மாற்றும்போது போவது பெரும்பாலும் இதுவே.

எதைத் தேர்ந்தெடுப்பது? புதிய மென்பொருள் எதை நன்றாக ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய வகை அவுட்லுக்கில் பல பேர் அடங்கிய ஒரே வி-கார்டு ஃபைலைக் கொடுத்தால் முதல் நபரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும். அங்கே சி.எஸ்.வி. நல்லது. ஜிமெயில் இரண்டையும் ஏற்கும். ஐயம் இருந்தால் இரண்டு வடிவங்களிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதிக நேரம் பிடிக்காது.

தமிழ்ப் பெயர்கள் ஏன் உருமாறுகின்றன?

புதிய கணினியில் திறந்ததும் ஆங்கில முகவரிகள் சரியாக இருக்க, தமிழில் எழுதிய பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. எது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

முதல் காரணம் பழைய எழுத்துரு. ஒரு காலத்தில் தமிழுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறி எனப்படும் யூனிகோடு அரசுத் தரமானது. ஆயினும் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்கள் நம் அலுவலகங்களில் ஏராளம். அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. முகவரிப் புத்தகத்தில் எழுத்துருவுக்கு இடமில்லை. எனவே அங்கே சென்றதும் உள்ளே இருப்பது அப்படியே வெளிப்படுகிறது. இதற்குத் தீர்வு, இடம் மாற்றுவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களையும் மாற்றியையும் இலவசமாகத் தருகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றியில் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி உள்ள பத்தியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல ஆங்கில முகவரி தமிழ்க் குப்பையாகிவிடும்.

இரண்டாவது காரணம் தவறான வாசிப்பு. ஒருங்குறியில் எழுதியிருந்தாலும் இது நேரும். சேமிப்புக்குப் பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள். ‘பழனி’ என்பதில் ப, ழ, ன, இகரக் குறி என 4 குறிகள். ஆக 12 பைட்டுகள். படிக்கும் மென்பொருள் ஒரு பைட்டை ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டால், மூன்று எழுத்து ஊர்ப்பெயர் பன்னிரண்டு விசித்திரக் குறிகளாக நீளும். இங்கே தகவல் கெடவில்லை, வாசிப்புதான் தவறு. சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான முறையில் மறுபடி திறந்தால் தமிழ் திரும்பிவிடும். அந்தக் கோலத்திலேயே சேமித்துவிட்டால் மீட்பது கடினம். வி-கார்டின் 4.0 பதிப்பு யூ.டி.எஃப்-8 முறையை மட்டுமே ஏற்பதால் அதில் இந்தக் குழப்பம் குறைவு. 2.1 பதிப்பு ஃபைலை நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர் சமக்குறிகளும் எண்களுமாகத் தெரியும். அது அந்தப் பதிப்பின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை.

எக்செல்லில் திறக்கும்போது கவனம்

சி.எஸ்.வி. ஃபைலை இருமுறை கிளிக் செய்து எக்செல்லில் திறப்பது நம் வழக்கம். இழப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எக்செல் தொலைபேசி எண்ணைக் கணக்குப் போடும் எண்ணாக நினைக்கிறது. பழனிப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு 04545. முன்னால் உள்ள சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அதை நீக்கிவிடும். 91 சேர்த்து எழுதிய 12 இலக்கக் கைப்பேசி எண்ணை அறிவியல் குறியீட்டு வடிவத்துக்குச் சுருக்கிவிடும். அப்படியே சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போய்விடும்.

இதைத் தவிர்க்க, எக்செல்லை முதலில் காலியாகத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ என்பதன் வழியாக ஃபைலைக் கொண்டுவர வேண்டும். குறியீட்டு முறையாக யூ.டி.எஃப்-8 என்பதையும், தொலைபேசிப் பத்திக்கு ‘டெக்ஸ்ட்’ என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க் இவற்றைத் திறக்கும்போதே கேட்டுவிடும். சேமிக்கும்போது ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவும். திருத்தம் எதுவானாலும் பிரதியில் செய்யுங்கள்; முதலில் எடுத்த ஃபைலைத் தொடாமல் வைத்திருங்கள்.

குழுக்கள் தனி

‘வட்டாரத் தொடக்கப் பள்ளிகள்’, ‘அறிவியல் ஆசிரியர்கள்’ என்று நாம் அமைத்த குழுக்கள், முகவரிகளைவிட அதிக உழைப்பில் உருவானவை. முகவரியை யாரிடமும் கேட்டு வாங்கலாம். எந்தக் கடிதம் யார் யாருக்குப் போகவேண்டும் என்பது அந்தக் குழுவில்தான் இருக்கிறது. அவுட்லுக்கிலிருந்து சி.எஸ்.வி. எடுக்கும்போது குழுக்கள் வருவதில்லை. முகவரிகள் எல்லாம் வந்திருக்கும், யார் எந்தக் குழு என்பது மட்டும் இருக்காது.

எளிய வழி ஒன்று உண்டு. பழைய மென்பொருளில் ஒவ்வொரு குழுவையும் திறந்து, உறுப்பினர் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நகலெடுத்து, குழுவின் பெயரையே ஃபைலின் பெயராக வைத்துச் சேமிக்கவும். உறுப்பினர் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளவும். புதிய இடத்தில் அதைப் பார்த்துக் குழுவை மீண்டும் அமைக்கலாம்.

முகவரி வேறு, மென்பொருள் வேறு

2025-இல் மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தேசிய தகவலியல் மையத்தின் பழைய அமைப்பிலிருந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இவ்வளவு பெரிய மாற்றத்திலும் அவர்களுக்கு அஞ்சல் அனுப்புகிற நாம் எதையும் திருத்தவேண்டி வரவில்லை. அரசுக்கு உரிய முகவரி முடிவுப்பகுதி அப்படியே தொடர்ந்ததே காரணம். உள்ளே இயங்கும் மென்பொருள் மாறியது. வெளியே தெரியும் முகவரி மாறவில்லை.

நம் பள்ளிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முகவரி பதவிக்கும் பள்ளிக்கும் உரியதாக இருந்தால் மாற்றம் எளிது. தலைமையாசிரியரின் சொந்த முகவரியிலேயே பள்ளியின் கடிதப் போக்குவரத்து நடந்தால், பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் கடிதங்களும் தொடர்புகளும் அவரோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். பள்ளியின் பெயரில் தனி முகவரி இருக்கட்டும். மீட்பு எண்ணாகப் பணியில் இருப்பவரின் எண் இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது அதுவும் மாறட்டும்.

சேவையை மாற்றுவதால் முகவரியே மாறுகிறது என்றால், பழைய முகவரிக்கு வருபவை புதியதற்குத் தானாகச் செல்லும்படி ஒரு கல்வியாண்டாவது அமைத்து வைக்க வேண்டும். பழைய கணக்கில் அவ்வப்போது நுழைந்தும் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு போனால் அதிலுள்ள தொடர்புகளும் போகும்.

பழைய பெயர்களைக் களைதல்

வீடு மாறும்போது எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதில்லை. முகவரிப் புத்தகமும் அப்படித்தான். நம் துறையிலேயே 18.05.2018 நாளிட்ட அரசாணை எண் 101-இன்படி நிர்வாக அமைப்பு மாறியது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பதவி வட்டாரக் கல்வி அலுவலர் ஆனது. 2022-இல் மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்கள் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் எனப் பிரிந்தன. பழைய பட்டியலில் ‘உ.தொ.க.அ.’ என்றோ வெறுமனே ‘மா.க.அ.’ என்றோ இருந்தால், அது இன்று எந்த அலுவலகம் என்று பார்த்தே சேர்க்க வேண்டும்.

பள்ளிகளை அடையாளம் காணப் பெயர் போதாது. ஒரே பெயரில் பல பள்ளிகள் உண்டு. தரம் உயர்ந்தால் பெயரும் மாறும். 11 இலக்க யூடைஸ் எண்ணை ஒரு தனிப் பத்தியில் சேர்த்தால் குழப்பம் தீரும். ஒரே வளாகத்தில் இயங்கும் இரு பள்ளிகளுக்கு ஒரே தொலைபேசி எண் இருக்கக்கூடும். அந்த நிலையில், இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் வசதியை அது காட்டியபடியே ஒப்புக்கொண்டால் இரு பள்ளிகளும் ஒன்றாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்க்கவும்.

செய்யும் வரிசை

1. பழைய கணினியிலும் கணக்கிலும் மொத்தம் எத்தனை தொடர்புகள், எத்தனை குழுக்கள் என்று எழுதி வைக்கவும்.

2. சி.எஸ்.வி., வி-கார்டு இரண்டிலும் ஏற்றுமதி செய்து, தேதியுடன் பெயரிட்டு, இரண்டு இடங்களில் வைக்கவும்.

3. பிரதியில் தமிழ்ப் பெயர்களையும் பதவிப் பெயர்களையும் சரிசெய்யவும்.

4. முதலில் ஐந்து பேரை மட்டும் புதிய இடத்தில் ஏற்றிப் பார்க்கவும். அவர்களில் தமிழ்ப் பெயர் உள்ளவர் ஒருவர், சுழியத்தில் தொடங்கும் எண் உள்ளவர் ஒருவர், இரண்டு முகவரிகள் உள்ளவர் ஒருவர் இருக்கட்டும்.

5. சரியாக இருந்தால் முழுவதும் ஏற்றி, எண்ணிக்கையை ஒப்பிடவும். ஜிமெயில் தொடர்புகளில் தவறு நேர்ந்தால் 30 நாள்களுக்குள் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

6. குழுக்களை மீண்டும் அமைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பவும். முகவரிகளை மறை நகல் இடத்தில் இடவும். “கிடைத்தது” என்று ஒரு வரி பதில் கேட்கவும். திரும்பி வரும் அஞ்சல்களையும் பதில் வராத பள்ளிகளையும் தொலைபேசியில் விசாரிக்கவும்.

7. இவையெல்லாம் முடிந்து ஒரு மாதமாவது ஆன பிறகே பழைய வன்தட்டை அழிக்கவும்.

ஆறாவது படியை நேரமில்லை என்று விட்டுவிட வேண்டாம். எண்ணிக்கை சரியாக இருப்பதால் முகவரிகள் உயிரோடு இருக்கின்றன என்று பொருளில்லை. பதில் வந்தால்தான் அந்தப் பள்ளிக்கு நம் கடிதம் சேர்கிறது என்று உறுதி.

பிறர் விவரம் நம் பொறுப்பு

ஏற்றுமதி செய்த ஃபைலுக்குக் கடவுச்சொல் கிடையாது. பெற்றோரின் எண்களும் ஆசிரியைகளின் எண்களும் அதில் திறந்த நிலையில் இருக்கும். வெளியே உள்ள கணினி மையத்தில் அதைத் திறக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். வேலை முடிந்ததும் பென் டிரைவிலிருந்து நீக்கவும். “மாற்றித் தருகிறோம்” என்று சொல்லும் அறிமுகமில்லாத இணையத்தளங்களில் ஏற்றவும் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவர்களுக்கு நாம் காட்டவேண்டிய மரியாதையும் இது.

தலைமையாசிரியர் பொறுப்பு மாறும்போது சாவி, காசோலைப் புத்தகம், இருப்புப் பதிவேடு எனப் பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் இனி ஒரு வரி சேரட்டும்: பள்ளி மின்னஞ்சல் கணக்கும், அதன் முகவரிப் புத்தகத்தின் கடைசிப் பிரதியும், அது எடுக்கப்பட்ட தேதியும். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே ஒரு கடிதத்தை உரிய எல்லாருக்கும் அனுப்ப அது போதும்.